எந்தக் கல் என்று கேளுங்கள்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தைத் தாண்டி, சி.டி.எச். சாலையோரம் இருக்கிறது அந்த ஸ்கேன் சென்டர். காலை எட்டு மணிக்கே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒண்ணுக்கு நல்லா முட்டுதாண்ணே? அடக்க முடியலன்னா சொல்லுங்க, உடனே உள்ள அனுப்பிடறேன்." சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதன் பின்னால் இருக்கும் சிறுநீர்க்குழாயின் கடைசிப் பகுதி அல்ட்ராசவுண்டில் தெரியும். கல் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.

வெயில் ஏற ஏற இந்தப் பெஞ்சுகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்களும் கூடுகிறார்கள் என்றார் அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன். சுற்றிலும் இருப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டை. வார்ப்படப் பட்டறைகள், ஃபோர்ஜிங் கம்பெனிகள், ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள். நாள் முழுக்க வியர்வை சிந்தி, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் நிற்பவர்களின் வட்டாரம் இது.

கல் வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "எட்டு எம்.எம். கல், இடது பக்கம்" என்பார்கள். அளவு தெரியும், இடம் தெரியும். அது எதனால் ஆன கல் என்று கேட்டால் பதில் இருக்காது. சிகிச்சை மாறுவதோ பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். ஒரு வகைக் கல்லை மருந்து கொடுத்தே கரைத்துவிடலாம். இன்னொரு வகை எந்த மருந்துக்கும் கரையாது. மற்றொன்று கிருமித் தொற்றின் மேல் வளர்வது. ஒரு துணுக்கை விட்டுவைத்தாலும் மறுபடி வளரும். உடம்பைத் திறக்காமல், படத்தை மட்டும் பார்த்து இந்த வகைகளைப் பிரித்துச் சொல்ல முடியுமா? அதை நேரில் பார்க்க விரும்பினேன். ஒரு நோயாளியிடம் சம்மதம் கேட்டு, அவருடனேயே ஒவ்வொரு கட்டமாகப் போனேன்.

அவர் ஒரு ஃபவுண்டரியில் உலைக்கு முன்னால் வேலை பார்ப்பவர். வயது நாற்பதுகளில். சில வருடங்களாகச் சர்க்கரை நோயும் உண்டு. முந்தைய நாள் இரவு ஷிஃப்டில் இடது விலாவில் கிளம்பிய வலி, முன்பக்கமாக இறங்கித் தொடை இடுக்கு வரை இழுத்திருக்கிறது. "நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல சார். தரையில உருண்டேன்" என்றார். ஊசி போட்டு வலியைத் தணித்து, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அல்ட்ராசவுண்டில் தெரிவது

இருட்டாக்கிய அறை. ஸ்கேன் டாக்டர் ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்குக் கீழே புரோபை அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் சிறுநீரகம் தெரிந்தது. அதன் நடுப்பகுதி லேசாக விரிந்து கறுத்திருந்தது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்பதன் அடையாளம் அது. விரிவு முடியும் இடத்தில், சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் வாசலில், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பின்னால் வாள் போல நீண்ட கறுப்பு நிழல். ஒலி அலை கல்லைத் தாண்டிப் போக முடியாததால் விழுவது அந்த நிழல்.

டாக்டர் கலர் டாப்ளரைப் போட்டார். வெள்ளைப் புள்ளியின் பின்புறம் சிவப்பும் நீலமுமாக மினுமினுத்தது. ரத்த ஓட்டமே இல்லாத இடத்தில் இப்படி நிறம் துடித்தால், அங்கே கல் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். இரு முனைகளில் குறி வைத்து அளந்தார்: 9 மி.மீ.

"என்ன வகைக் கல்னு இதுல சொல்ல முடியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"முடியாதுங்க. அல்ட்ராசவுண்டுக்கு எல்லாக் கல்லும் ஒண்ணுதான். கல் இருக்கா, அடைச்சிருக்கா, சிறுநீரகம் வீங்கியிருக்கா, இந்த மூணுக்கும் பதில் சொல்லும். எதனால ஆனதுன்னு சொல்லாது."

ஆனாலும் முதல் படி இதுதான். கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கல் சந்தேகம் என்றால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

எக்ஸ்ரேயில் காணவில்லை

பக்கத்து அறையில் வயிற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். 'கே.யூ.பி.' என்று சீட்டில் எழுதுவார்கள். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றும் ஒரே படத்தில் அடங்கும். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த மறுவருடமே, கிளாஸ்கோ நகரில் ஜான் மெக்கின்டயர் என்ற மருத்துவர் சிறுநீரகக் கல்லை அதில் படம் பிடித்துவிட்டார். எக்ஸ்ரேயின் மிகப் பழைய பயன்களில் ஒன்று இது.

எங்கள் நோயாளியின் படம் திரையில் வந்தது. முதுகெலும்பு தெரிந்தது, விலா எலும்புகள் தெரிந்தன. அல்ட்ராசவுண்டில் 9 மி.மீ. இருந்த கல் மட்டும் எங்குமே இல்லை. டெக்னீஷியன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, பெயரை மறைத்து வேறொருவரின் படத்தைக் காட்டினார். அதில் கல் எலும்பைவிடப் பளீரென்று வெளுத்து, முள்ளு முள்ளாகத் தெரிந்தது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கல்லில் இருக்கும் தனிமங்கள். எக்ஸ் கதிரை எவ்வளவு தடுத்து நிறுத்துவது என்பதை அணு எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கால்சியத்தின் அணு எண் 20. அது சேர்ந்த கால்சியம் ஆக்சலேட், கால்சியம் பாஸ்பேட் கற்கள் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை இவைதான். யூரிக் அமிலக் கல்லில் இருப்பவை ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. கார்பனின் அணு எண் 6, நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8. நம் சதையும் ரத்தமும் இவற்றால்தான் ஆனவை. அதனால் அந்தக் கல் சதையோடு சதையாக மறைந்துவிடும். பரம்பரைக் கோளாறால் வரும் சிஸ்டைன் கல்லில் கந்தகம் இருக்கிறது, அணு எண் 16. அது மங்கலாக, மேகமூட்டமாகத் தெரியும்.

அல்ட்ராசவுண்டில் இருக்கிறது, எக்ஸ்ரேயில் இல்லை. கல்லின் வகையைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு இது. துப்பு மட்டும்தான். குடலில் இருக்கும் காற்றும் மலமும்கூடக் கல்லை மறைக்கக்கூடும்.

ஆவடியில் டாக்டர் கேட்ட கேள்வி

அன்று மாலை ஆவடியில் சிறுநீரியல் டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது காய்ச்சலைப் பற்றி. "குளிர் அடிச்சுதா? உடம்பு நடுங்கிச்சா?" கல் அடைத்திருக்கும்போது காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்துவிடும். கல்லைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்து, முதலில் குழாய் போட்டு அடைப்பை இறக்க வேண்டும். இவருக்குக் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருந்தது.

அடுத்து சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் பி.ஹெச். என்ற வரியில் விரலை வைத்தார். அங்கே 5 என்று இருந்தது. அமிலத்தன்மை அதிகமான சிறுநீர். "சர்க்கரை இருக்கு, ஒண்ணுக்கு அமிலமா இருக்கு, எக்ஸ்ரேல கல் தெரியல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. உடைக்கறதுக்கு முன்னாடி அதைத் தீர்த்துக்கலாம்" என்று சொல்லி, பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். சீட்டில் இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு போட்டிருந்தார்: 'குறைந்த கதிர்வீச்சு', 'டூயல் எனர்ஜி'.

கல்லுக்கு ஓர் எண்

பருத்திப்பட்டு, கோவர்த்தனகிரி, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி போனோம். சி.டி. அறைக் கதவில் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம். உள்ளே நுழையும் முன் டெக்னீஷியன் பெல்ட், சாவி, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்னார். உலோகம் இருந்தால் படத்தில் கீற்றுக் கீற்றாக விழும்.

"குப்புறப் படுங்கண்ணே."

மல்லாந்துதானே படுக்க வைப்பார்கள் என்று கேட்டேன். கல் சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிட்டதா, குழாயின் முனையிலேயே சிக்கி நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் இது என்றார். பையில் தளர்வாகக் கிடக்கும் கல் குப்புறப் படுத்ததும் முன்பக்கமாக உருண்டுவிடும். சிக்கிய கல் இடத்தைவிட்டு அசையாது. வலி இறங்கி வந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

"மூச்சை இழுங்க... அடக்குங்க..." மேசை வளையத்துக்குள் நகர்ந்தது. "விடுங்க." சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஊசி மருந்து எதுவும் ஏற்றவில்லை. கல்லைத் தேடும் சி.டி.க்கு அது தேவையில்லை. ஏற்றினால் சிறுநீரோடு மருந்தும் வெள்ளையாகத் தெரிந்து கல்லை மறைத்துவிடும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கதிரியக்கவியல் டாக்டரின் திரையில் எக்ஸ்ரே காட்டாத கல் கண்ணுக்கு எதிரே நின்றது. சி.டி.யில் யூரிக் அமிலக் கல்லும் தப்பாது. டாக்டர் எலும்பு பார்க்கும் அமைப்புக்குப் படத்தை மாற்றி விளிம்பு முதல் விளிம்பு வரை அளந்தார். சாதாரண அமைப்பில் அளந்தால் கல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்றார். பிறகு கல்லின் நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டார். பக்கத்தில் ஓர் எண் வந்தது: 430.

இந்த எண் கணக்கு காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தந்தது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தவர், 1979இல் ஆலன் கார்மக்கோடு நோபல் பரிசு பெற்றவர். அவர் கணக்கில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. உடம்பில் இருக்கும் எதுவும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறதோ, அதற்கேற்ப ஓர் எண் பெறும். டாக்டர்கள் சுருக்கமாக ஹெச்.யூ. என்பார்கள். யூரிக் அமிலக் கற்கள் பொதுவாக 500க்குக் கீழே நிற்கும். கால்சியம் ஆக்சலேட் கற்கள் பல நேரம் 1000ஐத் தாண்டும்.

வகையைத் தவிர இன்னொன்றுக்கும் இந்த எண் பயன்படுகிறது. வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைக்கும் சிகிச்சை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கியது. ஹெச்.யூ. 1000க்கு மேல் போனால் அந்த முறையில் கல் உடையும் வாய்ப்பு குறைகிறது. உடையாத கல்லுக்குப் பணமும் வலியும் செலவழிப்பதற்கு முன்பே இந்த எண்ணைப் பார்த்து வேறு வழியை யோசிக்கலாம்.

"அப்ப 430ன்னா யூரிக் அமிலம்தானே?"

"அவசரப்படக் கூடாது. கல் சின்னதா இருந்தா பக்கத்துச் சதையும் கணக்குல சேர்ந்து எண் குறைஞ்சு வரும். ரெண்டு மூணு வகை கலந்த கல்லும் உண்டு. ஸ்ட்ரூவைட், சிஸ்டைன் எல்லாம் நடுவுல வந்து நிக்கும். அதனாலதான் ரெண்டாவது ஆற்றல்லயும் எடுத்திருக்கோம்."

இரண்டு ஆற்றல், ஒரு விடை

டூயல் எனர்ஜி என்பது ஒரே கல்லை இரண்டு விதமான எக்ஸ் கதிர்களால் பார்ப்பது. ஒன்று 80 கிலோவோல்ட்டில், மற்றது 140 கிலோவோல்ட்டில். இரண்டு எக்ஸ்ரே குழாய்கள் பொருத்திய சி.டி. 2000களின் நடுவில் வந்தபிறகு இது வேகம் பிடித்தது. தேங்காய் வாங்கும்போது தட்டியும் பார்க்கிறோம், குலுக்கியும் பார்க்கிறோம். ஒன்று மட்டும் சொல்லாததை இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

ஆற்றல் குறைந்த கதிரைக் கால்சியம் மிக அதிகமாகத் தடுக்கும். அதனால் கால்சியம் கல்லின் எண் 140இல் இருப்பதைவிட 80இல் வெகுவாக ஏறிவிடும். யூரிக் அமிலத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் யூரிக் அமிலத்துக்கு விகிதம் 1க்கு அருகில் வரும். கால்சியம் கற்களுக்கு அதைவிட நன்றாக மேலே போகும். சிஸ்டைன் இரண்டுக்கும் இடையில்.

டாக்டர் மென்பொருளைத் திறந்தார். அந்த இயந்திரத்தில் கால்சியம் கல்லுக்கு நீலம், யூரிக் அமிலக் கல்லுக்குச் சிவப்பு. சாம்பல் நிறச் சிறுநீரகத்தின் வாசலில் இருந்த கல் முழுக்கச் சிவப்பாக மாறியது. விளிம்பில்கூட நீலம் இல்லை.

"கலப்பு இல்லாத யூரிக் அமிலம். இவருக்குக் கத்தி வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

இதன் எல்லையையும் அவரே சொன்னார். யூரிக் அமிலமா இல்லையா என்ற கேள்விக்கு டூயல் எனர்ஜி மிக நம்பகமான பதில் தரும். கால்சியம் கற்களுக்குள்ளேயே ஆக்சலேட்டா பாஸ்பேட்டா என்று பிரிப்பது கடினம். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் தவறு நேரலாம்.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்டேன். வழக்கமான வயிற்று சி.டி.யில் சுமார் 10 மில்லிசீவர்ட் வரை போகும். கல்லுக்கான குறைந்த கதிர்வீச்சு முறையில் அதை 3க்குள் அடக்கலாம். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கல் திரும்பத் திரும்ப வரும் நோய். ஒவ்வொரு முறையும் முழு அளவில் சி.டி. எடுத்தால் கூட்டிக்கொண்டே போகும். ஆவடி டாக்டர் அடிக்கோடு போட்டதன் அர்த்தம் அங்கே புரிந்தது.

டாக்டர் இன்னொரு படத்தையும் காட்டினார். ஒரு பெண்ணின் வலது சிறுநீரகம். உள்ளறைகள் அத்தனையிலும் கிளை பரப்பிய மான்கொம்புக் கல். யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியா சிறுநீரைக் காரமாக்கி வளர்க்கும் ஸ்ட்ரூவைட் இது. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. இங்கே வடிவமே வகையைப் பற்றி வலுவான துப்பு தருகிறது. இந்தக் கல்லை முழுதாக எடுத்து, தொற்றையும் ஒழித்தால்தான் சிறுநீரகம் பிழைக்கும்.

உலைக்கும் கல்லுக்கும் நடுவில்

எங்கள் நோயாளிக்குப் பொட்டாசியம் சிட்ரேட் தொடங்கியிருக்கிறார்கள். சிறுநீரின் பி.ஹெச். 6.5க்கும் 7க்கும் இடையில் நின்றால் யூரிக் அமிலக் கல் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கரையும். வீட்டிலேயே தாள் நனைத்துப் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து கூடிப்போய் பி.ஹெச். 7ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியும். மறுபரிசோதனைக்கு அல்ட்ராசவுண்ட்தான்; எக்ஸ்ரேயில் தெரியாத கல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை. அடைப்பு கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அவருக்குப் பக்கத்து உலையில் நிற்பவருக்கு அந்தக் கல் இருந்து, இவரைப் பார்த்து அதே மருந்தைக் குடித்தால் கல் கரையாது, காலம்தான் கரையும். வாழைத்தண்டுச் சாறு குடித்துச் சரியானது என்று சொல்பவர்களிடமும், என்ன கல் அது, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டாக வேண்டும். 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும்.

கல் போனாலும் உலை அங்கேயேதான் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து அதிகத் தொலைவில்லாத போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும், தமிழகத்தின் உப்பளங்கள் முதல் எஃகு ஆலைகள் வரை வெப்பத்தில் வேலை செய்பவர்களின் சிறுநீரக நலனைப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வருகிறார்கள். வேலையிடத்தில் ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அம்பத்தூர் பெஞ்சில் என்னருகே உட்கார்ந்திருந்த ஆடை நிறுவனப் பெண் சொன்னதும் அதுவேதான்: "அடிக்கடி எந்திரிச்சா சூப்பர்வைசர் திட்டுவாருங்க. அதனால தண்ணியே குடிக்கறதில்ல." இதற்கு ஸ்கேனில் தீர்வு கிடையாது. உலைக்குப் பக்கத்தில் குளிர்ந்த குடிநீரும், தையல் கூடத்துக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறையும், போய்வரக் கேள்வி கேட்காத பத்து நிமிடமும் தர வேண்டியது நிர்வாகங்களின் கடமை.

கல் வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள். டாக்டரிடம் அளவோடு நிறுத்தாமல், "இது என்ன வகையா இருக்கும்? ஹெச்.யூ. எவ்வளவு?" என்று கேளுங்கள். சி.டி. எடுத்தால், கல்லுக்கான குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய படங்களையும் அவை பதிந்த குறுந்தட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த கல் வரும்போது அவை தேவைப்படும். சிறுநீரை வடிகட்டி, வெளியேறும் கல்லைப் பிடித்து, ஒரு சுத்தமான டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அகச்சிவப்புக் கதிரால் அதை ஆராய்ந்து சொல்லும் முடிவுதான் கடைசித் தீர்ப்பு. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். எந்த வகைக் கல் வந்தவருக்கும் பொருந்தும் மருந்து அது ஒன்றுதான்.